ஊராத்துறைக் கல்லும் பதினோராம் தரமும்

கவிதையை வாசிக்காமலே கவிதை நயம் எழுதத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்குவதில் எங்கள் ரியூசன் கொட்டில்களுக்கு நிகர் கிடையாது. யாழ்ப்பாணத் தீவகத்துப் பாடசாலைகளில் பல வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். பதினோராம் தரத்து விடைத்தாள்களை அடுக்கி வைத்துத் திருத்த உட்கார்ந்தால் மூன்றாவது தாளிலேயே கை தானாகச் சரி போடத் தொடங்கிவிடும். "எதுகை, மோனை சிறப்புற அமைந்து ஓசை நயம் பயக்கிறது. உவமைகள் கையாளப்பட்டுப் பொருள் நயம் மிளிர்கிறது. எளிய சொற்கள் பாமரரையும் கவர்கின்றன." பாட்டு எதுவானாலும் இந்த மூன்று வசனமும் வரும். ஒருமுறை உவமையே இல்லாத ஒரு புதுக்கவிதையை வேண்டுமென்றே மாதிரி வினாத்தாளில் போட்டுப் பார்த்தேன். உவமைகள் மிளிரத்தான் செய்தன.

குறை பிள்ளைகளிடம் இல்லை. எந்தக் கேள்வி வரும், புள்ளித்திட்டத்தில் எதற்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதற்கேற்ற விடையைப் பாடமாக்குவது புத்திசாலித்தனம்தான். ஆசிரியர் நிலையையும் பார்க்க வேண்டும். விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, குறிகட்டுவானில் படகு பிடித்து வந்திறங்குகிறவருக்கு நாற்பது நிமிடப் பாடவேளை. பின்னேரப் படகை விட்டுவிடக் கூடாதென்ற கவலை வேறு. சோளகம் எழும்பினால் நெடுந்தீவுக் கடல் குடலைப் புரட்டிவிடும். அப்படித் தலைசுற்றி வந்தவருக்கு 'மாணவரின் விமர்சனச் சிந்தனையை வளர்க்கவும்' என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தால் என்ன செய்வார்? கோவையில் போடுவார். பிறகு குறிப்புச் சொல்லி எழுதுவிப்பார்.

இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஓர் எழுத்தைக் கண்டால் இதை எழுதினது ஆர், ஆருக்கு, என்ன தேவைக்கு, எதைச் சொல்லாமல் விட்டிருக்கு என்று கேட்கிற பழக்கம் பதினைந்து பதினாறு வயதில் வராவிட்டால் பிறகு வருவது கடினம். அதைப் பழக்கக் கொழும்பிலிருந்து புதுப் பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தீவகத்தில் கால் வைக்குமிடமெல்லாம் ஒன்றோடொன்று முரண்படும் எழுத்துகள் கிடக்கின்றன. அவற்றை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) ஆணை அது. மொழி தமிழ். வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் படித்து ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைக்கு ஊர்காவற்றுறை என்று நாம் சொல்லும் ஊராத்துறைக்குப் பிறநாட்டு வணிகர் வந்து கூட வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது கல். அடுத்து வருவது கணக்கு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. யானை குதிரைக்கு ஏன் இந்தச் சலுகை என்றால், மன்னனுக்கு அவற்றில் விருப்பமாம். அதையும் கல்லே சொல்கிறது. இந்த ஏற்பாட்டைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவித்ததாகவும் சொல்லி முடிகிறது.

இதைப் பிரதி எடுத்து வகுப்பில் கொடுத்தபோது எதிர்பார்த்த கேள்விதான் முதலில் வந்தது. "சிங்கள ராசா ஏன் ரீச்சர் தமிழில எழுதினவர்?" பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன் உடனே சொன்னான்: "இஞ்ச இருந்தது தமிழர். அதாலதான்." முன்வரிசையில் ஒரு பிள்ளை, "வாற கப்பல்காரருக்கு விளங்க வேணுமெண்டு" என்றாள். இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். "சரி, கல்லில எந்த வரி இதைச் சொல்லுது? காட்டுங்கோ."

பெடியன் தேடினான். கிடைத்திருக்கும் வரிகளில் ஊரவரைப் பற்றிப் பேச்சே இல்லை, வருகிறவரைப் பற்றித்தான் எல்லாம். இரண்டாவது விடைக்குக் கல்லில் கொஞ்சம் பிடி இருக்கிறது. முதலாவதற்கு இந்தக் கல்லில் பிடியில்லை, வேறிடத்தில் ஆதாரம் தேட வேண்டும். இந்தக் கல்லில் இல்லை என்பதால் முதலாவது விடை பிழையாகிவிடாது. இந்த நுணுக்கம் பிடிபட அவனுக்கு ஒரு பாடவேளை முழுவதும் தேவைப்பட்டது. கோபமும் வந்தது. நான் ஏதோ அவனுடைய ஊரைப் பறிக்கப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பான் போல. அந்தக் கோபத்தோடுதான் அவன் அன்று முதன்முறையாக ஓர் எழுத்தை வரிவரியாக வாசித்தான். அது எனக்குப் போதும்.

நான் எதிர்பாராத கேள்வி கடற்றொழில் வீட்டுப் பிள்ளை ஒருத்தியிடமிருந்து வந்தது. "உடைஞ்ச கப்பலில பாதியை ராசா எடுத்தால் அது பாதுகாப்போ, கொள்ளையோ ரீச்சர்?" வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வள்ளமும் வலையும் கடலோடு போனால் ஒரு வீடு என்னாகும் என்று தெரிந்த பிள்ளை. இந்தக் கேள்விக்கு விடை நயினாதீவுக் கல்லுக்குள் இல்லை. பக்கத்தில் இன்னொரு கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்றொரு துறைமுகம். காகதிய அரசன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் அங்கே ஒரு தூண் நாட்டினான். புயலில் அடிபட்டுக் கரையொதுங்கும் கப்பல்களின் சரக்கு முழுவதையும் முந்திய அரசர்கள் பறித்து வந்தார்கள், நாம் இனித் தீர்வை மட்டுமே எடுப்போம் என்பது அதன் சாரம். முழுவதையும் பறிப்பது ஒரு காலத்து வழக்கமென்றால் பாதியை விட்டுக்கொடுத்த பராக்கிரமபாகு நல்லவனாகத் தெரிகிறான். தீர்வையோடு நிறுத்திய காகதியனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அவ்வளவு நல்லவனாகத் தெரியவில்லை. கல் மாறவில்லை, பக்கத்தில் என்ன வைத்தோம் என்பதுதான் மாறியது. ஒரு பிரதியை இன்னொன்றோடு வைத்து வாசிப்பதன் பலனை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

"இலங்கையில இல்லாத யானையோ, பிறத்தியிலயிருந்து கொண்டு வர?" என்று இன்னொருவன் கேட்டான். ஒல்லாந்தர் காலத்தில் ஊர்காவற்றுறையிலிருந்து யானைகள் கப்பலேறிப் போனதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருந்தான். போன யானை தெரியும், வந்த யானை எது? விடை சொல்லாமல், கேள்வியாகவே கொப்பியில் எழுதச் சொன்னேன். விடை எழுதப்படாத ஒரு கேள்வி கொப்பியில் இருப்பது அவர்களுக்குப் புதிது. "ரீச்சர், இது சோதினைக்கு வராதே?" என்று ஒருத்தி உறுதிப்படுத்திக்கொண்டாள்.

மணிமேகலைக்கு வருவோம். அதில் வரும் மணிபல்லவத் தீவு எங்கள் நயினாதீவுதான் என்பதில் ஊரவருக்கு ஐயமில்லை. அறிஞர் பலர் அப்படிச் சொன்னார்கள், மறுத்தவர்களும் உண்டு. நான் பிள்ளைகளிடம் நூல் சொல்வதையே கேட்கச் சொல்வேன். புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனை தூரம் என்கிறது காவியம். தேசப்படத்தை விரித்து, அடிமட்டம் வைத்து, அளவுத்திட்டத்தால் பெருக்கினால் பூம்புகாருக்கும் நயினாதீவுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 170 கிலோமீற்றர். அப்படியானால் ஒரு யோசனை ஆறு கிலோமீற்றருக்கும் குறைவு. யோசனைக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு இதைவிடக் கூட. கணக்கு இடிக்கிறது. வகுப்பில் மணிபல்லவத்தைக் கைவிட ஒரு கூட்டம் தயாராகியது. அப்போது ஒரு பிள்ளை, "காவியக்காரர் அளந்துபோட்டோ எழுதினவர்?" என்று கேட்டதே, அதற்கு நான் முழுப் புள்ளியும் கொடுப்பேன். நிலஅளவைப் படத்தில் முப்பது என்றால் முப்பது. காவியத்தில் முப்பது என்பது 'வெகுதூரம்' ஆகவும் இருக்கலாம். எழுத்தின் வகை தெரியாமல் எழுத்தோடு வழக்காட முடியாது.

அதே நூலில் ஆபுத்திரன் கதை. காற்றினால் கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. இறங்கியவனை மறந்துவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. அமுதசுரபி கையிலிருக்கிறது, சோறிட ஆளில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமலிருந்து உயிர்விடுகிறான். இதைச் சொன்னபோது நயினாதீவுப் பிள்ளை ஒருவன் எழும்பினான். "அப்ப அங்க சனமே இல்லையோ? நாங்கள் எங்க போனாங்கள்?" ஊர்ப் பெருமைக்காக மணிபல்லவத்தை எடுத்துக்கொண்டால் அதன் ஆளில்லாத கரையையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். பெருமை பேசுகிறவர்கள் அந்தக் காதையை வாசிப்பதில்லை.

மகாவம்சத்தைப் பக்கத்தில் வைத்தால் விஷயம் இன்னும் சுவை. ஒரு மணி ஆசனத்துக்காக மகோதரன், சூளோதரன் என்ற நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும், படை திரட்டி நிற்க, புத்தர் நாகதீபத்துக்கு வந்து சண்டையை நிறுத்துகிறார். மணிமேகலையிலும் பீடிகைக்காக இரு நாக அரசர் மோதுகிறார்கள், புத்தர் வந்து அமர்கிறார். எலும்பு ஒன்று, சதை வேறு. தமிழ்க் காவியத்துக்கு அந்தப் பீடிகை கதாநாயகியின் முற்பிறப்பைக் காட்டத் தேவை. அநுராதபுரத்து மகாவிகாரைப் பிக்குமாரின் நூலுக்கு, புத்தரே மிதித்த மண் இது என்று நிறுவத் தேவை. அந்த நூல் எழுதப்பட்டது புத்தருக்கு ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்குப் பிறகு. குறிகட்டுவானில் ஒரே படகில் ஏறும் அம்மன் பக்தர்களும் நயினாதீவு நாகதீப விகாரைக்குப் போகும் யாத்திரிகர்களும் இந்த ஒரே கதையின் இரண்டு பாடங்களைச் சுமந்துகொண்டுதான் போகிறார்கள். ஆசனம் எல்லாருக்குமே இடம் பிடிப்பதற்குத்தான் உதவியிருக்கிறது என்பது என் சொந்த அபிப்பிராயம். அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

இப்படிக் கேள்வி கேட்டு வாசிப்பதற்குப் பின்பலமாக அமெரிக்க ஆய்வு ஒன்றையும் சொல்லலாம். 1991இல் சாம் வைன்பர்க் என்பவர், 1775ஆம் ஆண்டு லெக்சிங்டன் சண்டையைப் பற்றிய பல ஆவணங்களை வரலாற்றாசிரியர் எட்டுப் பேருக்கும் உயர்தரப் பள்ளி மாணவர் எட்டுப் பேருக்கும் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் முதலில் பார்த்தது எழுதியவர் யார், எப்போது என்பதை. மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நேரே வாசித்தார்கள். அந்த ஆவணங்களில் மாணவர்கள் ஆக நம்பகமானதாகச் சொன்னது எதை? பாடப்புத்தகத்தை. எங்கள் பிள்ளைகளும் வேறு மாதிரிச் சொல்லப் போவதில்லை. தமிழ்ப் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடநூலில் தமிழர் வரலாறு போதாது என்று நாங்கள் காலாகாலமாகக் குறைப்படுகிறோம். நியாயமான குறை. ஆனால் அந்தப் புத்தகத்தை எடுத்து, இதில் எது விடுபட்டிருக்கிறது என்று பிள்ளையைக் கொண்டே கண்டுபிடிக்க வைப்பவர்கள் எத்தனை பேர்?

எதிர்ப்பு வரும். ஒரு தகப்பன் பாடசாலைக்கு வந்தார். "கோயில் வரலாற்றைக் கட்டுக்கதை எண்டு சொல்லிக் குடுக்கிறீங்களாம் ரீச்சர்." நான் அப்படிச் சொல்லவில்லை. அம்மனுக்குப் பூக் கொண்டு கடலில் வந்த நாகம், அதை மறித்த கருடன், இடையில் வந்து நாகத்தைக் காப்பாற்றிய வணிகன் என்ற கதையில், நாகம் நீந்தியதா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஏன் இந்தக் கதைக்குள் வந்தான் என்றுதான் கேட்டோம். அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் இருந்த கப்பல் உறவைக் கதை ஞாபகம் வைத்திருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். இதைச் சொன்னதும் அந்தத் தகப்பன், தன் பாட்டன் தோணி ஓடிய கதையைத் தொடங்கிவிட்டார். மணியடித்தும் நிறுத்தவில்லை.

மற்ற எதிர்ப்பு கொஞ்சம் கடுமையானது. மகாவம்சத்தைத் தமிழ்ப் பிள்ளைக்குப் படிப்பிப்பதா? வாசிக்காதவனுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதை மேடையில் பேசுகிறவன்தான் சொல்வான். வாசிப்பவன் தன் முடிவையே மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு நயினாதீவுக் கல்லைப் படித்த இந்திரபாலாவையே எடுங்கள். ஈழத்தில் தமிழர் குடியேற்றம் பற்றி 1965இல் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு எழுதினார். நாற்பது ஆண்டுகளின் பின், புதிய தொல்லியல் சான்றுகளை வைத்து, பழைய முடிவுகளை மாற்றி 2005இல் நூல் வெளியிட்டார். ஒரு வரலாற்றுப் பேராசிரியர் தன் எழுத்தையே எதிர்வாசிப்புச் செய்து காட்டியது, உயர்தர மாணவருக்கு எந்தக் கோட்பாட்டு நூலையும்விடப் பெரிய பாடம்.

இப்படி வாசிப்பது தீவுக்குப் புதுச் சரக்கும் அல்ல. ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் பழந்தமிழ் நூல்களில் கல்விச் சிந்தனையைத் தேடித்தான் லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1554இல் லிஸ்பனில் ரோம எழுத்தில் அச்சான தமிழ் நூலின்பால் தமிழுலகின் கவனத்தைத் திருப்பியவரும் அவர். புங்குடுதீவு மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' எழுதி, அன்று செல்வாக்கோடிருந்த முற்போக்கு முகாமோடு நேருக்கு நேர் மோதினார். எழுத்தில் மட்டும் நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் நல்ல தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சொந்த ஊரில் போராடி, பொலிஸாரிடம் அடியும் வாங்கினார். 1973இல் முப்பத்தெட்டு வயதில் போய்விட்டார். அவர் சொல்வதையும் முற்போக்கு விமர்சகர் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' சொல்வதையும் ஒரே மேசையில் வைத்து, எவர் எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்க மறுக்கிறார் என்று உயர்தர வகுப்பில் கேட்கலாம். இப்போது நடப்பது, பிறந்த ஆண்டையும் நூற்பெயரையும் பாடமாக்குவது.

ஓர் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு தவணை இப்படிப் பழக்கினால் சில பெடியள் எதைக் கண்டாலும் "அது சும்மா கதை, அரசியல்" என்று உதட்டைப் பிதுக்கத் தொடங்குவார்கள். எல்லாவற்றையும் சந்தேகிப்பதுதான் கெட்டித்தனம் என்று நினைக்கிற வயது. அவர்களுக்கு நான் வைத்த சட்டம் ஒன்றுதான்: முதலில் எழுத்து சொல்வதைச் சொல்லு. எழுதினவரே வாசலில் வந்து நின்றாலும் "ஓம், இதைத்தான் சொன்னனான்" என்று தலையாட்ட வேண்டும். கேள்வி அதற்குப் பிறகுதான். முக்கால்வாசி வாயாடிகள் இந்த முதற்படியிலேயே விழுந்துவிடுவார்கள். ஏனென்றால் வாசித்திருக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும் வகுப்புக்குப் பயிற்சியாக்கவும் கூடாது. 1985 மே 15இல் நெடுந்தீவுக் குமுதினிப் படகில் நடந்த கொலைகளைப் பற்றிய அறிக்கைகளில் இறந்தோர் தொகை வேறுபடும். அந்த வேறுபாடு ஏன் வருகிறது என்பது ஆய்வுக்குரிய கேள்விதான். ஆனால் நெடுந்தீவில் அந்தப் படகில் போன ஒருவரின் பேரப்பிள்ளை இருக்கும் வகுப்பில் அதை நான் வினாத்தாளாக்க மாட்டேன். வீட்டில் கேட்டு எழுதிவர விரும்பும் பிள்ளை எழுதட்டும். அதே நெடுந்தீவில் ஊரார் வெடியரசன் கோட்டை என்று சொல்லும் இடிபாடுகளைப் பௌத்தத் தாதுகோபங்களின் எச்சம் என்று சொல்வோரும் உண்டு, அதைத் தாராளமாக எடுக்கலாம். நேரே போய்ப் பார்த்து, கற்களை வரைந்து, அறிவிப்புப் பலகை இருந்தால் அதன் வாசகத்தையும் எழுதி, இரு தரப்பும் எதைச் சான்றாகக் காட்டுகிறது என்று பட்டியலிட்டால் ஒரு தவணைக்கு வேலை இருக்கிறது. கைத்தொலைபேசியில் வரும் செய்திகளுக்கும் இதே கேள்விகள்தான். அதற்கென்று தனிப் பாடம் தேவையில்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தீவக வலயத்தில் தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும் சேர்ந்து ஒரு கோவை தயாரிக்கட்டும். நயினாதீவுக் கல்வெட்டின் வாசகமும் உரையும், மோட்டுப்பள்ளித் தூணின் சாரம், மணிமேகலையில் இரண்டு காதை, மகாவம்சத்தில் நாகதீபம் வரும் பகுதி, ஒரு தேசப்படம். போட்டோக் கொப்பி எடுக்கும் காசுதான் செலவு. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு ஏதாவது ஒப்படை கொடுக்கத்தானே வேண்டும், இதைக் கொடுக்கலாம். பரீட்சைத் திணைக்களம் மனம் வைத்து, நயத்துக்குப் பதிலாகவோ கூடவோ, ஒரே விஷயத்தைப் பற்றிய முன்பின் பாராத இரண்டு சிறு பந்திகளைத் தந்து 'எங்கே முரண்படுகின்றன, ஏன்?' என்று ஒரு கேள்வி போட்டால் ரியூசன் கொட்டில்களும் மாறும். அவர்கள் எதற்கும் தயார். முதலில் அதற்கும் ஒரு குறிப்பு அடித்து விற்பார்கள். பந்திகள் ஆண்டுக்கு ஆண்டு மாறினால் அது எடுபடாது.

தெற்கிலிருந்து பாடசாலைச் சுற்றுலாவாகப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக நாகதீபம் பார்க்க வருகிறார்கள். விகாரையைக் கும்பிட்டு, படகுக்கு நேரமிருந்தால் அம்மன் கோயிலையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தங்கள் பாடநூலில் வீரனாக நிற்கும் மகா பராக்கிரமபாகுவின் ஆணை அங்கே இருப்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை, அதை வாசிக்க அவர்களுக்குத் தமிழும் தெரியாது. எங்கள் பதினோராம் தரத்துப் பிள்ளை ஒன்று போய் வாசித்துக் காட்டட்டும். 'பார், தமிழில் எழுதியிருக்கு' என்ற ஒரு வசனத்தோடு திரும்பி வராமல், அந்த நாலில் ஒன்று, சரிபாதிக் கணக்கையும் விளக்கி, அது பாதுகாப்போ கொள்ளையோ என்று அவர்களையும் கேட்டுவிட்டு வரட்டும்.